பச்சைத் தண்ணீர்கூட

ரேவதி, பவித்ரா, இதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். கன்னடம் ஓடுகிற வேகத்தில் உங்களுக்குத் தமிழ் ஓடாது. ரேவதி எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படிக்கட்டும், பவி கேட்கட்டும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு நாம் மூன்று பேரும் திண்டுக்கல் பக்கம் நம் ஊருக்குப் போய் வந்தோமே, அதைத்தான் எழுதுகிறேன். அம்மா முறுக்குக் கடையைப் பார்த்துக்கொள்ள ஹூப்ளியிலேயே இருந்துவிட்டாள். நீங்கள் எல்லாவற்றையும் பார்த்தீர்கள், ஆனால் பாதிக்கு அர்த்தம் தெரியாமல் பார்த்தீர்கள். நான் உங்களைவிட மோசம். நாலு நாள் எனக்கு எதுவுமே தெரியவில்லை.

முதலில் ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பவி பிறக்கும் முன்பு, தாத்தா செத்துப்போனார். என் அக்கா, உங்கள் பாண்டியம்மா அத்தை, மாமா இறந்த பிறகு நம் வீட்டுக்கே திரும்பி வந்து தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா மூன்று மாதம் படுக்கையில் கிடந்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபோனில் கேட்டால் நன்றாக இருக்கிறார் என்பாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவரை நடுவீட்டில் பெஞ்சில் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் இலையில் உட்காரும் நேரத்தில், வாசலில் நின்றுகொண்டு அக்காவைப் பார்த்துச் சொன்னேன். "இனிமே இந்த வீட்டுல பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

உங்களுக்கு இது சாதாரணமாகப் படும். நம் ஊரில் அப்படி இல்லை. ஒருவர் வீட்டில் சாப்பிடுவதற்கே அங்கே கை நனைப்பது என்றுதான் பெயர். கை நனைத்தால் உறவு. பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொன்னால் உறவு அறுந்துபோனது என்று அர்த்தம். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

போன ஐப்பசியில் அத்தையே ஃபோன் செய்தாள். "புள்ளைகளக் கூட்டிட்டு ஒரு தடவ வாயேன்ப்பா" என்றாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தத் தடவை ஒட்டாவிட்டால் இனி எங்கள் இருவருக்கும் ஒட்டவே ஒட்டாது என்று மட்டும் தோன்றியது. அதற்காகத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த கன்னடக்கார அம்மா எந்த ஊர் என்று கேட்டார். திண்டுக்கல் என்றதும், "பூட்டு செய்கிற ஊரா? அப்படியானால் உங்கள் வீடு பத்திரமாகப் பூட்டித்தான் இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் விடிந்தும் விடியாத பனி. மலைக்கோட்டை எங்கே என்று ரேவதி கேட்டாள். நான் கை காட்டிய பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. ஹூப்ளிக் குளிர் காதைக் கடிக்கும், இந்தக் குளிர் துணிக்குள் ஈரமாக இறங்கும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பணியாரம் சாப்பிட்டோம். பவிக்குக் காரச் சட்னியில் கண்ணீர் வந்துவிட்டது. அத்தைக்குப் பிடிக்குமே என்று சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன். தோல் கறுத்து, வாசனை பையை மீறி வந்தது.

செம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ரோட்டோரம் பச்சை வேட்டி கட்டிய பழனி பாதயாத்திரைக் கூட்டம் அதற்குள்ளேயே நடக்க ஆரம்பித்திருந்தது. அவர்கள் காலில் ஏன் செருப்பு இல்லை என்று பவி கேட்டாள். வேண்டுதல் என்றேன். சித்தையன்கோட்டைக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கி வாய்க்கால் ஓரமாக நடந்தோம்.

அத்தை வாசலில் நின்றிருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கை கால் குச்சியாக இருந்தது, முகம் மட்டும் உப்பியிருந்தது, நிறம் மங்கிப்போயிருந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு வயசு ஐம்பதுதான்.

சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். தொட்டேன், சுட்டது.

"வெந்நி தான். பச்சத்தண்ணி இல்ல. ஒன் சத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது, குடி" என்றாள்.

பக்கத்து வீட்டு ராசாத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. ஆனாலும் குடித்தேன். நாக்கு வெந்தது. ஒன்பது வருஷமாக இந்தக் கேலியை அடுப்பில் வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தாள் போல என்று நினைத்தேன். நான் சொன்ன சொல்லும் கெடக்கூடாது, எனக்குத் தாகமும் இருக்கக்கூடாது என்று அவள் யோசித்திருக்கலாம். அது என் மண்டையில் ஏறவில்லை.

வாழைப்பழத்தை நீட்டினேன். வாங்கி மோந்து பார்த்தாள். நாலைந்தை உங்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு மீதியை அப்படியே ராசாத்தியிடம் கொடுத்துவிட்டாள். "நான் விரதம்" என்றாள்.

அன்றைக்கே பவி என்னிடம் ஓடிவந்து சொன்னாள். "அப்பா, அத்தையின் இடது கைக்குள் தேனீ இருக்கிறது. தொட்டால் கொர்ரென்று பறக்கிறது." கன்னடத்தில் சொன்னாள். பெரியவர்களைப் பற்றிக் கண்டதைச் சொல்லாதே என்று அதட்டினேன். பவி, உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் இது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை நமக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். நீங்கள் மறுபடி மறுபடி சோறு கேட்டீர்கள். அவள் மட்டும் அடுப்படியில் தனிச் சட்டியில் வேகவைத்த பீன்ஸை வடிகட்டி, சோற்றோடு பிசைந்து சாப்பிட்டாள். அந்த வெஞ்சனத்தில் உப்பே இல்லை என்று ரேவதி ஒரு வாய் தின்றுவிட்டு வந்து சொன்னாள். எந்தச் சாமிக்கு விரதம் என்று நான் கேட்டேன். எல்லாச் சாமிக்கும் சேர்த்துத்தான் என்றாள்.

சாயங்காலம் நானே இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். என் டீயைக் குறை சொன்னவர் ஹூப்ளியில் யாரும் இல்லை. வேண்டாம் தம்பி என்று டம்ளரை நகர்த்தி வைத்தாள். விரதம் இருப்பவர்களும் டீ குடிப்பார்கள், தண்ணீராவது குடிப்பார்கள். எனக்கு அப்போது எல்லாம் பிடிபட்டுவிட்டதாக நினைத்தேன். நான் அன்று சொன்னதை இவள் திருப்பிச் செய்கிறாள். நான் வாங்கிவந்த பழம் வேண்டாம், என் கையால் கொடுத்த டீ வேண்டாம். என் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னை வெளியே நிறுத்துகிறாள்.

திங்கட்கிழமை தென்னந்தோப்புக்குப் போனோம். நீங்கள் இளநீர் குடித்து முகமெல்லாம் நனைத்துக்கொண்டீர்கள். நானே ஒன்றைச் சீவி வாங்கி, வெயிலில் கையில் ஏந்திக்கொண்டு வீடுவரை வந்து அத்தையிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். ரொம்ப நேரம் அதற்குள்ளேயே பார்த்தாள். பிறகு ரேவதி கையில் கொடுத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்கு என்னக்கா இம்புட்டு வீம்பு? ஒம்பது வருசம் கழிச்சு நானா வந்திருக்கேன். ஒரு வாய் குடிச்சாப் போயிருவியா?" என்றேன்.

அத்தை சிரித்தாள். "குடிச்சாத்தாம்ப்பா போயிருவேன்" என்றாள்.

அதையும் கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, டவுனில் மாரியம்மன் கோயிலுக்குப் போய் மத்தியானம் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். ஒரு வருஷமாகச் செவ்வாய், வெள்ளி தப்புவதில்லை, ஆத்தா மேல் அவ்வளவு பக்தி என்று ராசாத்தி சொன்னாள். தம்பி வந்திருக்கும்போதும் கோயிலா என்று எனக்கு எரிந்தது. உடனே பையைக் கட்டினேன். அத்தை வரட்டும் அப்பா, சொல்லிக்கொண்டு போகலாம் என்று ரேவதி சொன்னாள். வேண்டாம் என்றேன். சாவியை ராசாத்தியிடம் கொடுத்துவிட்டு உங்களை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வெட்கக்கேடான பயணம் வாய்த்ததில்லை.

செம்பட்டி தாண்டும் முன்னால் பின் சக்கரம் டொப்பென்று வெடித்தது. எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். புளியமரத்தடியில் பைகளோடு நின்றோம். பவி ஒரு ஆட்டுக்குட்டியிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்டெப்னி மாட்டுகிற நேரத்தில் கண்டக்டர் என் பக்கம் வந்தார். கையில் கிரீஸ்.

"நீங்க பாண்டியம்மாக்கா தம்பியா? மூக்கு அப்படியே இருக்கே" என்றார். நான் தலையாட்டினேன். நம் பைகளைப் பார்த்துவிட்டு, "கூட இருந்து பாத்துக்கப் போறீங்களாக்கும். நல்லது. பாவம், தனியாத்தான் அலையுது. ரத்தத்தச் சுத்தம் பண்ணி ஏத்திட்டு வாரப்ப அதுக்கு நிக்க முடியாது. டிரைவருக்குப் பின்னாடி சீட்ட யாருக்கும் விட மாட்டோம், அக்காவுக்குத்தான்" என்றார்.

அவர் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். எங்க அக்கா கோயிலுக்கல்லவா போகிறாள் என்று கேட்டேன்.

"கோயிலா? ஒரு வருசமா நாந்தான் அதை ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறக்கி விடுறேன்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே டயர் பக்கம் போய்விட்டார். ஒரு குடும்பத்துக்குத் தெரியாதது ஒரு பஸ்ஸுக்கே தெரிந்திருந்தது.

பவி என் சட்டையைப் பிடித்து இழுத்து, கண்டக்டர் மாமா தேனீயைப் பற்றிச் சொன்னாரா என்று கேட்டாள்.

டயர் மாட்டியதும் அதே பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கினோம். ரத்தம் சுத்தம் செய்கிற வார்டுக்கு உள்ளே பிள்ளைகளை விட மாட்டோம் என்றார்கள். வெளியே பெஞ்சில் பழனிக்கு அந்தப் பக்கம் கீரனூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் தூக்குவாளியோடு இருந்தார். அவர் வீட்டுக்காரருக்கும் உள்ளே அதே மிஷின்தானாம். "ஏனுங்க, பொண்ணுகள நான் பாத்துக்கறனுங்க, நீங்க போய்ட்டு வாங்க" என்றார். நான் உடனே உள்ளே போகவில்லை. உட்கார்ந்து அவரிடமே எல்லாம் கேட்டேன். அவர்தான் சொன்னார். இந்த வியாதியில் சிறுநீரகம் வேலை செய்யாது, குடிக்கிற தண்ணீர் வெளியே போகாமல் உடம்பிலேயே தேங்கி நெஞ்சை அடைக்கும். அதனால் மிஷினில் வைத்து எடுக்கிறார்கள். அதற்காகக் கையில் இரண்டு நரம்பைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள், தொட்டால் அதிரும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், சோறு குழம்பில் இருப்பதும் அதற்குள் கணக்கு.

"வாழப்பழம், எளநி ரெண்டும் கண்ணுலயே காட்டக்கூடாதுங்க. நெஞ்சு அப்படியே நின்னு போயிருமுங்க" என்றார்.

நான் அவளுக்கு வாங்கிப் போனது வாழைப்பழம். வெயிலில் சுமந்து போனது இளநீர். வீம்பு என்று சொல்லி அதைக் குடிக்கச் சொன்னவனும் நான்தான்.

உள்ளே போனேன். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மிஷின். மூன்றாவது கட்டிலில் அத்தை. அவள் ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து சுற்றித் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தாள். திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளில் தொங்கிய பையைத்தான் பார்த்தாள்.

"கெளம்பிட்டியாக்கும்" என்றாள்.

நான் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல."

"நீ சொன்னியாக்கா? அப்பாவுக்கு முடியலன்னும் சொல்லல. ஒனக்கு முடியலன்னும் சொல்லல."

அத்தை குழாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சொன்னா வருவ. வந்து இப்படி நின்னு அழுவ. அதுக்கா கூப்புட்டேன்? புள்ளைகள ஒரு தடவ பாத்துருவோம்னு கூப்புட்டேன். கண்ணத் தொடச்சுட்டு உக்காரு. நர்ஸு திட்டும்" என்றாள்.

மிஷின் நிற்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நான் பையை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

திரும்பும்போது அதே கண்டக்டர். டிரைவருக்குப் பின் சீட்டில் அத்தை, அவள் மடியில் பவி. செம்பட்டியில் பாதயாத்திரைக்காரர்களுக்காகப் பந்தல் போட்டிருந்தார்கள். பஸ் நின்றபோது ஒருவர் ஜன்னல் வழியாக அத்தையிடம் தண்ணீர் டம்ளரை நீட்டினார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வாங்கி உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, மீதியை என்னிடம் நீட்டினாள். நான் முழுவதையும் குடித்தேன். அது பச்சைத் தண்ணீர்தான்.

புதன்கிழமை எங்கும் போகவில்லை. அத்தை தன் பாட்டிலை எடுத்து உங்களுக்குக் காட்டினாள். சின்ன பிளாஸ்டிக் பாட்டில், கறுப்பு மார்க்கரில் ஒரு கோடு. காலையில் கோடுவரை ஊற்றிக்கொண்டால் படுக்கும்வரை அதுதான். அன்று முழுக்க பவி அதற்குக் காவல் இருந்தாள். அத்தை மூடியைத் திறந்தாலே ஓடிவந்து எத்தனை மடக்கு என்று எண்ணினாள். அத்தைக்கு அது விளையாட்டாக இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் வாசலுக்கு முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது.

என் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்றேன். "ஒனக்கே பத்து வருசமாச் சக்கர. ஒன்னுதுல என்னா இருக்குன்னு எனக்குத் தருவ? ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல கெடக்கலாம்" என்றாள். அடுத்த நாளே ஒரு டாக்டரிடம் ஃபோனில் கேட்டேன். அவரும் எடுக்க மாட்டார்கள் என்றுதான் சொன்னார். ஹூப்ளிக்கு வந்துவிடு, அங்கேயும் மிஷின் இருக்கிறது என்றேன். அங்கே பஸ்ஸில் எனக்கு யார் சீட் பிடித்து வைப்பார்கள் என்று கேட்டாள்.

ஊரில் ஏன் மறைக்கிறாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வியாதின்னா பாவம்னு பாப்பாங்க. விரதம்னா கையெடுத்துக் கும்புடுறாங்க. எது நல்லாருக்கு?"

தாத்தாவைப் பற்றியும் கேட்டேன். அவர்தான் சொல்லக்கூடாது என்றாராம். அவர் அம்மாவும் அப்படித்தான் மறைத்தாராம். "இது நம்ம வீட்டு வியாதிப்பா. கிட்னி அப்புறமா வந்துச்சு" என்றாள்.

வியாழக்கிழமை கிளம்பினோம். அத்தை வாசலில் சொம்போடு நின்றாள். தொட்டேன், குளிர்ந்திருந்தது. ராசாத்தி வேலியோரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். "வாரேன்க்கா" என்றேன். நான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நின்று சத்தம் போட்ட அதே இடம்தான்.

இதுவரை உள்ளதை நாலைந்து நாளாகக் கடை மூடிய பிறகு எழுதினேன். இந்தக் கடைசிப் பக்கத்தை இன்று காலை, நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு எழுதுகிறேன்.

ஊரிலிருந்து வந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் நான் அத்தைக்கு ஃபோன் செய்வதும், சாப்பிட்டாயா என்று கேட்காமல் "எம்புட்டு மிச்சம் இருக்கு?" என்று கேட்பதும் உங்களுக்குத் தெரியும். ரெண்டு மடக்கு என்பாள். ஒரு மடக்கு என்பாள். ஒருநாள் ஏழு மணிக்கே காலி, திருட்டுத்தனமாகப் பழைய சோற்று நீச்சத்தண்ணி குடித்தேன், பவியிடம் சொல்லிவிடாதே என்றாள். அன்று மட்டும் நான் திட்டினேன்.

நேற்றும் கேட்டேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "அப்படியே இருக்கு அப்பு. கோடு வரைக்கும் இருக்கு. உள்ள எறங்க மாட்டேங்குது" என்றாள்.

நான் மத்தியான ரயிலில் போகிறேன். நீங்கள் வரும்போது நான் இருக்க மாட்டேன். எப்போது திரும்புவேன் என்று எனக்குத் தெரியாது. அப்பா சரக்கு எடுக்கப் போயிருக்கிறார் என்று சொல்லட்டுமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம், நானே எழுதிவைக்கிறேன் என்றேன். அத்தைக்கு ரொம்ப முடியவில்லை. அவள் பிழைப்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததும் உங்கள் இருவருக்கும்தான் முதலில் சொல்வேன், நல்லதானாலும் கெட்டதானாலும்.

பள்ளிக்கூடத்திலோ கடையிலோ அத்தைக்கு என்ன என்று யாராவது கேட்டால், விரதம் என்று சொல்லாதீர்கள்.